‘எவ்வளவு வேணும்?’ – படம் பிடிப்பவரின் கூலி குறித்துச் சில கணக்குகள்

(புகைப்படம் பயிலும் மாணவர்களுக்காக நடந்த ஒருநாள் பட்டறையில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கவிதை பற்றிப் பேசத்தான் என்னைக் கூப்பிட்டாங்க. நான்தான் கூலியைப் பத்திப் பேசுறேன்னு கேட்டு வாங்கிக்கிட்டேன். கவிதைக்கு என்ன தர்றாங்கன்னு இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அதில் பேச ஒண்ணுமில்லை.

நான் வங்கியில் எழுத்தர். பகல் முழுக்க அடுத்தவங்க தொகையை எழுதுறவன். கேமராவைக் கையில் வாங்கினா எனக்குக் கை நடுங்கும். ஆனா இந்தத் தொழிலில் ஒரு தொகை எப்படி உருவாகுது, யார் வாயிலிருந்து முதலில் வருது, யார் வாயில் வராமலே போகுது என்பதை என் தம்பி மூலமாகப் பக்கத்திலிருந்து பார்த்தவன். தம்பின்னா சித்தப்பா மகன். எங்க தெருவில் முதன்முதலா கேமரா வாங்கினவன்.

2019இல் மாவட்டத் தலைநகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடை. பேர் வேண்டாம். தீபாவளிக்குப் புதுப் புடவை, பட்டு வேட்டி, குழந்தைகள் உடுப்பு, எல்லாத்தையும் ஆட்களுக்குக் கட்டிவிட்டுப் படம் எடுக்கணும். ரெண்டு நாள் வேலை. முதலாளி கேட்டிருக்கார்: “எவ்வளவுப்பா வேணும்?” தம்பி சொல்லியிருக்கான்: “நீங்க பாத்துக் குடுங்க சார்.”

அவர் பார்த்துக் கொடுத்தார். நாளைக்கு நாலாயிரம், ரெண்டு நாளைக்கு எட்டாயிரம். ரெண்டாம் நாள் மதியம் சாப்பிடும்போது, எந்த ஊரு, ஊருக்குள்ளயா அந்தாண்டையான்னு விசாரிச்சிருக்காங்க. சாயங்காலம் பணத்தைக் கையில் கொடுக்கலை, மேசைமேல வச்சாங்க. அதை அவன் எங்கிட்ட ரொம்ப நாள் கழிச்சுத்தான் சொன்னான். அன்னிக்கு அவனுக்குச் சந்தோசம். பிரியாணி வாங்கிட்டு வந்தான்.

ரெண்டு மாசத்தில் அந்தப் படங்கள் நாலு ஊர் பேருந்து நிலையத்தில் பெரிய பலகைகளா நின்னுது. தனியார் பஸ் முதுகில் ஓடுச்சு. பத்திரிகை விளம்பரத்தில் வந்தது. தை மாசம் நாள்காட்டியாகவும் வந்தது. “கடைக்குள்ள ஒட்டத்தான்னு சொன்னீங்களே சார்”னு போய்க் கேட்டான். “அதான் காசு குடுத்துட்டோமே”ன்னு பதில். அவ்வளவுதான்.

இதில் ஒரு சின்னக் கணக்கைப் பாருங்க. அந்தப் பலகை நின்ன இடத்துக்கு மாச வாடகை உண்டு. பிளெக்ஸ் அடிச்சவருக்குச் சதுர அடிக்கு இவ்வளவுன்னு உண்டு. பலகை பெரிசாக ஆக அவருக்குப் பணம் கூடும். கம்பத்தில் ஏறிக் கட்டினவருக்கும் கூலி உண்டு. பலகை பெரிசானதால ஒரு பைசா கூடாத ஒரே ஆள், பலகையில் இருக்கிற படத்தை எடுத்தவன்.

‘நீங்க பாத்துக் குடுங்க.’ இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது? தம்பி பட்டதாரி. கேமராவின் எல்லாத் திருகும் தெரிஞ்சவன். ஆனா தொகை கேட்ட உடனே அவன் வாயிலிருந்து வந்தது அவன் வார்த்தை இல்லை, எங்க தாத்தா வார்த்தை. களத்துமேட்டில் நெல் அளக்கும்போது வெட்டியான், தோட்டி, பறையடிக்கிறவர் எல்லாம் ஓரமா நிப்பாங்க. அளந்து விடுறதை வாங்கிக்கணும். அந்தப் பங்குக்கு நம்ம ஊர்களில் என்ன பேர் தெரியுமா? ‘சுதந்திரம்’. கொடுக்கிறவன் அளவு வைப்பான், வாங்குறவன் துண்டை விரிப்பான், அதுக்குப் பேரு சுதந்திரம்! வேலையின் விலையைச் சொல்லும் உரிமை வேலை செய்தவனுக்கு இல்லை என்பதுதான் சாதியின் பொருளாதாரம். கேமரா வந்த பிறகும் அது வாயிலேயே உட்கார்ந்திருக்குது.

சரி, விலையைச் சொல்லணும்னா எப்படிச் சொல்றது? குருட்டாம்போக்கில் ஒரு எண்ணைச் சொல்ல முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியும் நானும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். உங்களுக்கும் சொல்றேன், எழுதிக்கங்க. எண்கள் அவனோடவை, உங்களுக்கு மாறும். முறைதான் முக்கியம்.

கேமரா, லென்சு, விளக்குகள், கணினி எல்லாம் சேர்த்து அவன் போட்டது ஐந்தரை லட்சம். அஞ்சு வருசத்தில் பழசாயிடும். ஆக வருசத்துக்குத் தேய்மானம் 1,10,000. கடன் வட்டியும் காப்பீடும் 50,000. அறை வாடகை மாசம் பத்தாயிரம், வருசத்துக்கு 1,20,000. பழுதுபார்ப்பு 30,000. போக்குவரத்து, தொலைபேசி, இணையம் 60,000. தன் படங்களை அச்சிட்டு நாலு பேரிடம் காட்ட 20,000. மொத்தம் 3,90,000. இது அவன் கேமராவைத் தொடாம வீட்டில் படுத்துக் கிடந்தாலும் ஆகிற செலவு. இனி சாப்பிடணும். வீட்டுக்கு மாசம் 25,000னு வச்சா வருசத்துக்கு 3,00,000. ரெண்டும் சேர்த்து 6,90,000.

இதை எத்தனை நாளால் வகுக்கிறது? 365ஆல் வகுத்தா ஏமாந்து போவீங்க. 300ஆல் வகுத்தாலும் ஏமாந்துதான் போவீங்க. ஒரு நாள் படம் எடுத்தா ரெண்டு நாள் கணினி முன்னால உட்காரணும். வேலை தேடி அலையணும், பாக்கி வசூலிக்க அலையணும். காசு வர்ற நாள் அவனுக்கு வருசத்தில் எழுபதுதான் தேறுச்சு. 6,90,000ஐ 70ஆல் வகுங்க. ஒரு நாளைக்கு 9,857 ரூபாய். இதில் லாபம் கிடையாது, சேமிப்பு கிடையாது, அடுத்த கேமராவின் கூடுதல் விலை கிடையாது.

அவன் வாங்கினது 4,000. எழுபது நாளும் அப்படியே வாங்கினா 2,80,000. தொழில் செலவு 3,90,000. பள்ளம் 1,10,000. மேலே போய்ப் பாருங்க, கேமராவின் ஒரு வருசத் தேய்மானம் எவ்வளவு? அதே 1,10,000. அதாவது அவன் தன் கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமா வெட்டி அந்தக் கடைக்காரருக்கு ஊட்டிக்கிட்டு இருந்திருக்கான். சோறு? சோறு தங்கச்சியின் நர்ஸ் சம்பளத்தில் வந்தது. ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு ஒரு நர்ஸ் மானியம் கொடுத்திருக்காள். இந்த வரியை எழுதினதும் ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசலை.

பெருநகரங்களில் விளம்பர நிறுவனங்களோடு தொழில் செய்றவங்க இந்தத் தொகையை எப்படிக் கட்டுறாங்க? மூணு அடுக்கா பிரிக்கிறாங்க. முதலாவது, படைப்புக் கட்டணம். நான் இப்ப சொன்ன அன்றாடக் கணக்கும் அவர் திறமைக்கான விலையும் அதில் அடங்கும். ரெண்டாவது, செலவுகள்: உதவியாளர், ஒப்பனை, ஸ்டுடியோ வாடகை, விளக்கு வாடகை, பயணம், படத்தைத் திருத்துற வேலை. ஒவ்வொண்ணும் தனி வரி. மூணாவதுதான் நமக்குத் தெரியாம போனது: பயன்பாட்டுக் கட்டணம். படத்தை எதில் போடுவீங்க, எத்தனை நாள் போடுவீங்க, எந்தெந்த ஊரில் போடுவீங்க, வேற யாருக்கும் நான் கொடுக்கக் கூடாதா? இந்த நாலு கேள்விக்கும் பதில் மாற மாறத் தொகை மாறும். ஒரே படம், ஒரே உழைப்பு. கடைக்குள் ஒட்டினா ஒரு விலை, மாநிலம் முழுக்கப் பலகை வச்சா வேற விலை.

இது ஏதோ வெள்ளைக்காரத் தந்திரம்னு நினைக்காதீங்க. நிலம் வச்சிருந்தவனுக்கு இது எப்பவோ தெரியும். குத்தகை வேற, கிரயம் வேற. ஒரு போகத்துக்கு விட்டா ஒரு தொகை, பத்து வருசத்துக்கு விட்டா ஒரு தொகை, எழுதிக் கொடுத்துட்டா ஒரு தொகை. நிலமே இல்லாத நமக்குத்தான் இந்தப் பாடம் புதுசு. நமக்குத் தெரிஞ்சது நாள்கூலி ஒண்ணுதான். அதனால படத்தையும் நாள்கூலிக்கு விக்கிறோம். தம்பி குத்தகைக்கு விட்டதா நினைச்சான், கடைக்காரர் கிரயமா வாங்கிட்டார்.

வழக்குப் போடலாம்னு ஒரு வக்கீலம்மாவிடம் போனோம். நம்ம இயக்க ஆதரவாளர். அவங்க 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தை எடுத்து 17ஆம் பிரிவைக் காட்டினாங்க. படம் எடுத்தவர்தான் ஆசிரியர், ஆசிரியர்தான் முதல் உரிமையாளர், இது பொது விதி. உடனே விதிவிலக்கு வருது. ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில், மதிப்புள்ள கைம்மாறு பெற்று எடுத்த புகைப்படம்னா, வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். எட்டாயிரம் கைம்மாறு. ஒப்பந்தம் எதுவும் இல்லை. “தம்பி, சட்டப்படி படம் அவங்களுது”ன்னு வக்கீலம்மா சொன்னாங்க.

இந்த விதி பிரிட்டிஷ் சட்டத்திலிருந்து நமக்கு வந்தது. அவங்க 1988இல் புதுச் சட்டம் போட்டு, எடுக்கச் சொன்னவருக்கு உரிமை என்பதை நீக்கி, எடுத்தவருக்கே கொடுத்துட்டாங்க. நம்ம நாட்டில் 2012இல் பெரிய திருத்தம் வந்தது. புகைப்படத்துக்கான பாதுகாப்புக் காலம், எடுத்தவர் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும்னு நீண்டது. ஆனா 17ஆம் பிரிவின் அந்த விதி அப்படியே நிக்குது. ஆயுளைக் கூட்டினாங்க, யாருக்கு என்பதை மாத்தலை.

தப்பிக்கிற வழியும் அந்த வரிக்குள்ளேயே இருக்கு: ‘வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்’. வேலைக்கு முன்னால ஒரு தாளில், பதிப்புரிமை எடுத்தவருக்கே, கடைக்குள் ஒட்ட மட்டும் ஆறு மாச அனுமதின்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தா கதை வேற. பிறகு உரிமையை மாற்றிக் கொடுக்கணும்னாலும் 19ஆம் பிரிவுப்படி எழுத்தில்தான் கொடுக்கணும். காலம் குறிப்பிடலைன்னா அஞ்சு வருசம்தான். எல்லை குறிப்பிடலைன்னா இந்தியாவுக்குள் மட்டும்தான். சட்டம் எழுத்தை நம்புது. நம்மை எழுத்திலிருந்து எத்தனை நூற்றாண்டு தள்ளி வச்சாங்கன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உலகத்தில் இது சும்மா கிடைச்ச உரிமை இல்லை. 1944இல் அமெரிக்காவில் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் சங்கம் கட்டினாங்க. 1950களின் தொடக்கத்தில் நாளுக்குக் குறைந்தது 100 டாலர்னு பத்திரிகைகளை ஒத்துக்க வச்சாங்க. அதில் ஒரு நுட்பம் இருந்தது. அந்த நூறு, உச்சவரம்பு இல்லை, அடிவரம்பு. படம் அதிகப் பக்கங்களில் வந்து பக்கக் கணக்கு நூறைத் தாண்டினா அதைக் கொடுக்கணும். 1947இல் ராபர்ட் கப்பா, கார்த்தியே-பிரேசோன் முதலியவர்கள் மேக்னம் என்ற கூட்டுறவைத் தொடங்கியதன் அடிப்படையும் இதுதான். படத்தின் உரிமை பத்திரிகைக்கு இல்லை, எடுத்தவருக்கு.

பிறகு தலைகீழ் காலமும் வந்தது. 2000இல் ஐஸ்டாக்போட்டோ, 2003இல் ஷட்டர்ஸ்டாக். லட்சக்கணக்கான படங்களை இணையத்தில் குவிச்சு அற்ப விலைக்கு விக்கிற கடைகள். 2006இல் கெட்டி நிறுவனம் ஐஸ்டாக்போட்டோவை 5 கோடி டாலருக்கு வாங்குச்சு. 2020இல் ஷட்டர்ஸ்டாக் தன் முறையை மாத்தினபோது ஒரு படம் ஒரு தடவை இறக்கப்பட்டா எடுத்தவருக்குப் பத்து சென்ட் என்கிற அளவுக்குப் போச்சு. குவிச்சு வச்சவனுக்குக் கோடி, எடுத்தவனுக்குச் சென்ட். இப்ப இயந்திரமே படம் வரையுது. இனி வெறும் ‘ஒரு பட்டுப்புடவைப் படம்’ என்பதற்கு விலை கிடைக்காது. இந்தக் கடை, இந்த நெசவு, இந்த முகம் என்பதுக்குத்தான் விலை. அதைக் கேட்கத் தெரிஞ்சவருக்கு மட்டும்.

கேட்கத் தெரிவது எல்லாருக்கும் ஒரே மாதிரி வருதா? ஒரு விளம்பர நிறுவனம் மூணு பேரிடம் மதிப்பீடு கேட்குது. யாரிடம் கேட்குது? தெரிஞ்சவரிடம். தெரிஞ்சவர் யாருக்குத் தெரிஞ்சவர்? அப்பா ஸ்டுடியோ வச்சிருந்தவர் வீட்டுப் பிள்ளைக்கு, எந்த வேலைக்கு எவ்வளவு என்பது சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே காதில் விழுந்திருக்கும். அவருக்கு ஒரு வேலையை ‘வேண்டாம்’னு சொல்லும் தெம்பும் உண்டு, ஏன்னா அடுத்த மாச வாடகைக்கு வீடு இருக்கு. விலை பேசுறதில் பெரிய ஆயுதம் கேமரா இல்லை, எழுந்து போக முடிகிறதுதான். என் கவுண்டரில் தினமும் பார்க்கிறேன். பிணை இல்லாத கடன்னு திட்டம் இருக்கு. ஆனாலும் விண்ணப்பத்தோடு யார் தைரியமா மேலாளர் அறைக்குள் போறாங்க, யார் கதவோரம் நிக்கிறாங்க என்பது பார்த்தாலே தெரியும். நிற்கிற இடத்திலேயே விலை பாதி முடிவாயிடுது.

இனி நான் சொல்லப் போறது தம்பிக்கே பிடிக்காத விஷயம். ஆனாலும் சொல்லணும்.

அவன் ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆண்டறிக்கைக்குப் படம் எடுத்தான். நல்ல காசு. எங்க தெருவுக்கே வந்து எங்க அத்தையை எடுத்தான். தண்ணிக்குடத்தோட, வெயில் முகத்தில் விழ. அருமையான படம். அட்டையில் வந்தது. புத்தகத்தை அத்தையிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, “அந்தப் பயலுக்கு இதுக்கு எவ்ளோ குடுத்தாங்க?”ன்னு கேட்டாங்க. சொன்னேன். “எனக்கு?”ன்னாங்க.

தம்பியின் மதிப்பீட்டில் உதவியாளருக்கு வரி இருந்தது, பெட்ரோலுக்கு வரி இருந்தது. அத்தைக்கு வரி இல்லை. ஜவுளிக்கடைப் படத்தில் நின்ன மாடல் பெண்ணுக்குச் சம்பளம் உண்டு, ஏன்னா அவள் புடவையை விற்கிறாள். அத்தை வறுமையை விற்கிறாங்க, அதனால சம்பளம் இல்லை.

1936இல் கலிஃபோர்னியாவில் நிபோமோ என்ற ஊரில், பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில், டோரதியா லாங் ஒரு தாயைப் படமெடுத்தார். ‘புலம்பெயர்ந்த தாய்’ என்று உலகமே அறிந்த படம். லாங் அரசாங்கச் சம்பளத்தில் எடுத்ததால் அவருக்கும் அதில் தனி உரிமை இல்லை, அது பொதுச்சொத்து. அந்தத் தாய் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன், செரோக்கி பழங்குடி வழிவந்தவர். அவர் யார் என்பதே 1978இல்தான் வெளியே தெரிந்தது. 1983இல் நோயில் கிடந்து இறந்தார், மருத்துவச் செலவுக்குப் பிள்ளைகள் பொதுமக்களிடம் உதவி கேட்க வேண்டியிருந்தது. 1998இல் அந்தப் படத்தின் பழைய பிரதி ஒன்று ஏலத்தில் 2,44,500 டாலருக்குப் போனது. விலை வைக்கும் முறை எவ்வளவு நேர்த்தியா இருந்தாலும், அதில் யாருக்கு வரி இருக்கு, யாருக்கு இல்லை என்பதுதான் அரசியல்.

கடைசியா நம்ம வீட்டுக் குப்பை. இயக்க மாநாடு, மறியல், கொலையுண்டவர் வீடு, உண்மையறியும் குழு என்று எல்லாத்துக்கும் தம்பி போன்ற பையன்களைக் கூப்பிடுறோம். “தோழர், நம்ம வேலைதானே”ங்கிறோம். பஸ் காசு கொடுத்தோமா? படத்தைச் சுவரொட்டியில் போட்டோம், நூல் அட்டையில் போட்டோம், பேர் போட்டோமா? இந்தப் பேச்சை அச்சிடப் போகிற ஆசிரியர் குழுத் தோழர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். சட்டத்தில் ஒரு வேடிக்கை இருக்கு. அந்த 17ஆம் பிரிவு, கைம்மாறு பெற்று எடுத்தால்தான் உரிமை எடுக்கச் சொன்னவருக்குப் போகும்னு சொல்லுது. நாம் ஒண்ணுமே கொடுக்கலை. ஆகவே நாம் ஓசியில் போட்ட படமெல்லாம் சட்டப்படி அந்தப் பையன்களுடையது! கடைக்காரர் சட்டத்துக்கு உட்பட்டு எடுத்துக்கிட்டார். நாம் சட்டத்தையும் மீறி, தோழமையின் பேரால் எடுத்துக்கிட்டோம். பேர் போடச் சொல்லும் உரிமையோ, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படமானாலும் 57ஆம் பிரிவில் எடுத்தவருக்கு நிக்குது.

இயக்கத்திடம் காசு இல்லை என்பது உண்மை. அப்படின்னா ‘எங்களிடம் இவ்வளவுதான் இருக்கு, இந்த ஒரு சுவரொட்டிக்கு மட்டும், உங்க பேரோடு’ன்னு சொல்லிக் கேட்போம். கேட்கிறதுக்குக் காசு வேண்டாம்.

அப்ப என்ன செய்யலாம்? எல்லாரும் சேர்ந்து ‘நாளைக்குப் பத்தாயிரத்துக்குக் குறைய வாங்க மாட்டோம்’னு முடிவெடுக்கலாம்னு ஒரு நண்பர் காலையில் சொன்னார். அதில் கவனமா இருங்க. கூலித் தொழிலாளி சேர்ந்து கூலி கேட்டா அது சங்கம். ஆனா சுயதொழில் செய்றவங்க சேர்ந்து விலை வச்சா 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3ஆம் பிரிவு அதைப் போட்டிக்கு எதிரான உடன்பாடாகப் பார்க்கும். நாளெல்லாம் கூலிக்காரனா நடத்துவாங்க, சேர்ந்து நின்னா மட்டும் முதலாளியாக்கிடுவாங்க. அதனால விலையை நிர்ணயிக்க வேண்டாம். கணக்குப் போடும் முறையை ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக் கொடுப்போம். அந்தச் சாப்பாட்டு நேரப் பேச்சு நம்ம வீட்டில் இல்லை. நாம் அதை வெளியில் உண்டாக்கணும். இந்தப் பட்டறை அதுக்குத்தான்.

உங்க வருசச் செலவை எழுதுங்க. காசு வரும் நாளால் வகுங்க. அந்த எண்ணைத் தெரிஞ்சுக்காம யாரையும் போய்ப் பார்க்காதீங்க. ‘எவ்வளவு வேணும்?’னு கேட்டா உடனே எண் சொல்லாதீங்க. எதுக்கு, எத்தனை நாளைக்கு, எந்த ஊருக்கு, எனக்கு மட்டுமா எல்லாருக்குமான்னு திருப்பிக் கேளுங்க. ஒரு பக்கத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்க, பாதி முன்பணம் வாங்குங்க. உதவியாளருக்கு ஒரு வரி, படத்தில் நிக்கிறவருக்கு ஒரு வரி. அந்தக் கடைசி வரியைக் கேட்டு வாடிக்கையாளர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

தம்பி அந்த ஜவுளிக்கடைக்குத் திரும்பப் போகலை. போன மாசம் வேற ஒரு நிறுவனத்துக்கு அவன் அனுப்பின மதிப்பீட்டை எனக்குக் காட்டினான். கூட்டல் சரியான்னு பார்க்கச் சொல்லி. படைப்புக் கட்டணம், செலவுகள், பயன்பாடு ஓராண்டுக்கு, தமிழ்நாட்டுக்குள். கீழே ஒரு வரி: படத்தில் இடம்பெறும் நான்கு பேருக்குத் தலா இவ்வளவு. மொத்தத்தைப் பார்த்து நிறுவனத்தார் வேற ஆளைத் தேடிக்கிட்டாங்க. வேலை போச்சு.

“வருத்தமாடா?”ன்னு கேட்டேன்.

“வருத்தந்தான் அண்ணே. ஆனா இந்தத் தடவை தொகையை நான் சொன்னேன்”னான்.

கூட்டல் சரியா இருந்தது.